பவானியின் இடது கால்

இருபத்திரண்டு வருஷம் மாட்டு டாக்டராக இருந்துவிட்டு, ஐம்பத்தொன்றாம் வயதில் குதிரை வைத்தியம் கற்றுக்கொள்ளக் கிளம்பினார் செங்குட்டுவன். வீட்டில் சிரித்தார்கள். அவருக்குக் குருவாக வாய்த்த ஹலீமா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். அதற்கும் சிரித்தார்கள்.

லாயத்தில் பவானி என்றொரு குதிரை. போட்டியில் தடை தாண்டி இறங்கியபோது வலது முன்னங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. ஹலீமா பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்ததால் அதைச் செங்குட்டுவனிடம் ஒப்படைத்தார்.

"ரெண்டு முன்னங்காலுக்கும் கட்டுப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

செங்குட்டுவன் வலது காலைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார். குளிர்ந்த நீர், மருந்து, வேளைக்கொரு புதுக் கட்டு. இடது கால் நன்றாகத்தானே இருக்கிறது, அதற்கு எதற்குக் கட்டு என்று விட்டுவிட்டார். படிக்காதவராக இருந்தால் சொன்னதைச் செய்திருப்பார். இவர் யோசித்துத் தொலைத்தார்.

பதினோராம் நாள் காலை தற்செயலாக இடது காலில் கை பட்டது. சுட்டது. முட்டிக்குக் கீழே வீங்கியும் இருந்தது. முன்னங்கால் இரண்டும் போன குதிரைக்குக் கடைசியில் உயிரை முடிக்கும் ஓர் ஊசிதான் மிச்சம் என்பது அவருக்குத் தெரியும்.

ஹலீமா வந்து இறங்கியதும் மறைக்காமல் சொன்னார்.

"இந்தக் காலுக்குக் கட்டுப் போடலை மேடம். தப்பு என்னோடதுதான்."

ஹலீமா இடது காலின் முடியை மழித்து, பசை தடவி, ஸ்கேன் கருவியை மெல்ல மேலிருந்து கீழே இறக்கினார். மறுபடியும் இறக்கினார்.

"நார் எதுவும் அறுபடலை. நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். ரெண்டு வாரத்துல வடிஞ்சிடும்."

செங்குட்டுவன் அப்படியே வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. கண் கலங்கியதைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. பவானி குனிந்து அவர் தலையை மோந்து பார்த்தது.

"மாட்டுக்குக் கால் வலிச்சா என்ன செய்யும் சார்?"

"படுத்துக்கும் மேடம்."

"பவானி?"

அவர் யோசித்துப் பார்த்தார். "நின்னுக்கிட்டேதான் இருந்துச்சு."

"எந்தக் கால்ல பாரம் போட்டு?"

அவர் எழுந்து போய்ப் பஞ்சும் துணிச் சுருளும் எடுத்து வந்தார். மண்டியிட்டு இடது காலைச் சுற்றத் தொடங்கினார். பாதி சுற்றியதும் கை நின்றது.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? இத்தனை நாளா இந்தக் காலும் வலிச்சிருக்கும். இது மட்டும் ஏன் நொண்டலை?"

"நொண்டறதுக்கு இன்னொரு நல்ல கால் வேணுமே சார்."