அடிப்பிடித்த சட்டி

"மூணு தடவை செஞ்சிட்டேன். கறி வேகுது, உப்பு சரியா இருக்கு. சாறுலதான் ருசியே இல்ல" என்றார் செலஸ்டின் டீச்சர்.

கிளாட்வின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"செய்ங்க டீச்சர். பாக்கேன்."

குருவுக்கு வயது முப்பத்தொன்று. ஸ்பெயின் கப்பலில் சமையல்காரன், விடுமுறைக்குத் தூத்துக்குடி வந்திருந்தான். சிஷ்யைக்கு அறுபத்திரண்டு. நான்காம் வகுப்பில் அவனை முட்டி போட வைத்தவர். மாணவனை அதட்டும் பழக்கத்தில் வாயில் வந்த "லே"யை டீச்சர் பெரும்பாடு பட்டு விழுங்கினார்.

காரணம் இருந்தது. டீச்சரின் தங்கை ஜெசிந்தா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாள். இருபது வருடமாக ஸ்பெயினில் நர்ஸ். மாட்டிறைச்சியும் ஒயினும் சேர்த்து இரும்புச் சட்டியில் செய்யும் இந்த ஸ்பெயின் கறி அவளுக்கு உயிர். செவ்வாய்க்கிழமை விமானம். மறுபடி எப்போது வருவாளோ தெரியாது.

அக்கா தங்கை பேசி ஏழு வருடம் ஆகிறது. சாப்பிடக் கூப்பிட்டதுகூட ஆள் விட்டுத்தான்.

அம்மா இறந்தபோது ஜெசிந்தா இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தாள். கேட்டிலேயே நிறுத்தி டீச்சர் கேட்டார்: "அடக்கம் முடிஞ்சபெறவு யாரைப் பாக்க வந்தே?"

"அந்தப் பேச்சே வரக்கூடாது கிளாட்வின். நல்லா சாப்பிடணும், நல்லபடியா போகணும்" என்றார் டீச்சர்.

கிளாட்வின் தலையாட்டினான்.

டீச்சர் எண்ணெய் காயவைத்தார். கறித் துண்டுகளைப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க விட்டு எடுத்தார். பிறகு சட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய் கம்பி நாரால் பளபளவென்று தேய்த்தார்.

"எதுக்கு கழுவுதீங்க?"

"அடிப்பிடிச்சிருக்குல்லா."

வெங்காயம், பூண்டு, தக்காளி, ஒயின் எல்லாம் சேர்ந்து கறி வெந்தது. கிளாட்வின் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தான்.

"சுத்தமா இருக்கு டீச்சர்."

டீச்சருக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது.

மறுநாளும் செய்தார். மறுநாளும் சட்டியோடு குழாயடிக்குப் போனார். கிளாட்வின் எழுந்து வந்து குழாயை மூடினான்.

"எங்க வீட்ல அடிப்பிடிச்ச சட்டியில மேக்கொண்டு சமைச்சதே கிடையாது" என்று டீச்சர் சண்டைக்கு நின்றார்.

அவன் அகப்பையை நீட்டினான். டீச்சர் சுரண்டினார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"பாத்தியா, ஆறிப்போச்சு. இனி வராது. கழுவத்தான் வேணும்." குரலில் நிம்மதி தெரிந்தது.

கிளாட்வின் சட்டியை வாங்கி அடுப்பில் வைத்தான். தீயைக் கூட்டினான். காத்திருந்தான். நன்றாகச் சுட்டதும் ஒரு குவளை சிவப்பு ஒயினை ஊற்றினான்.

சட்டி சீறியது. புளித்த ஆவி குப்பென்று எழுந்து முகத்தில் அடித்தது. டீச்சர் வாசல் வரை பின்வாங்கிவிட்டார்.

"கண்ணு எரியுதே!"

"எரியும். அடங்கிரும். பக்கத்துலயே நிக்கணும் டீச்சர்."

டீச்சர் திரும்பி வந்தார். சுரண்டினார். அடியில் இருந்ததெல்லாம் கழன்று ஒயினில் கரைந்தது. கிளாட்வின் அதில் ஒரு சொட்டை அவர் உள்ளங்கையில் விட்டான்.

நக்கிப் பார்த்த டீச்சர் மறுபடி உள்ளங்கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா வந்தாள்.

"நல்லாருக்குக்கா. அங்க சாப்பிடுத மாதிரியே இருக்கு."

மழையைப் பற்றிப் பேசினார்கள். கோயிலுக்குப் பெயின்ட் அடித்ததைப் பற்றிப் பேசினார்கள். முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார்கள். ஜெசிந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டரை பஸ்ஸைப் பிடிக்கணும்க்கா."

எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருந்தது. டீச்சருக்குத்தான் அதில் ருசியே இல்லை.

"ஜெசி, அன்னைக்கு கேட்ல வச்சு உன்னை ஒண்ணு கேட்டேன்லா."

ஜெசிந்தாவின் முகம் மாறியது. "அதை எதுக்கு இப்ப எடுக்கே?"

"கேட்டிருக்கக் கூடாது."

"ஏழு வருசம் கழிச்சு சொல்லுதியா? ஏழு வருசம்!" ஜெசிந்தா தட்டைத் தள்ளினாள். குரல் தெருவரைக்கும் கேட்டது. "வழி முழுக்க அழுதுட்டே வந்தேன். நீ கட்டிப்பிடிப்பேன்னு நெனச்சு வந்தேன்!"

டீச்சருக்குக் கண் எரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட வேண்டும் போல இருந்தது.

பக்கத்திலேயே நின்றார்.

ரெண்டரை பஸ் போய்விட்டது.