முயல் புதைத்த சீனிக்கிழங்கு

செம்மணல் மேடான தேரிக்காட்டில், குளத்தங்கரையில் ஒரு முயல் இருந்தான். பெயர் தங்கையா. நல்ல உழைப்பாளி. ஞாயிற்றுக்கிழமை ஆலமரத்தடி ஜெபத்துக்கு முதல் ஆளாய் வந்து உட்காருகிறவன். ஒரே ஒரு குறைதான். உலக்கையால் இடித்தாலும் ‘தப்பு என்னுடையது’ என்ற சொல் மட்டும் அவன் வாயிலிருந்து வராது.

போன ஆனி மாதம் தங்கையா ஓர் ஓலைப்பெட்டி நிறைய சீனிக்கிழங்கை, அதாவது சர்க்கரைவள்ளிக்கிழங்கை, மணலில் புதைத்து வைத்தான். பஞ்சகாலத்துக்கு ஆகுமே என்று நினைப்பு. புத்திசாலி, புதைத்த இடத்தை மறந்துபோனான். இரண்டு நாள் தோண்டித் தோண்டிப் பார்த்தான். கிடைக்கவில்லை. கிழங்கு என்றால் முள்ளம்பன்றிக்கு உயிர் என்பது காட்டுக்கே தெரியும். அடுத்த பொந்தில் குடியிருந்ததும் ஒரு முள்ளம்பன்றிதான், ஞானமுத்து. பிறகு கேட்க வேண்டுமா?

“என் கிழங்கை ஞானமுத்துதான் களவாண்டுட்டான்” என்று தங்கையா காடெல்லாம் சொல்லிவிட்டான்.

“நான் தொடவே இல்லவே” என்று ஞானமுத்து வீடு வீடாய்ச் சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. அணில் அவனைக் கண்டாலே பொந்தை அடைத்துக்கொண்டது. மயில் தன் குஞ்சுகளை அவன் பக்கம் விடவில்லை. பாவம், மனம் நொந்துபோய் ஓடைக்கு அக்கரையில் தனியாகக் குடியேறினான்.

ஐப்பசி மழை பெய்தது. கார்த்திகையில் ஒருநாள், பனைமரத்தடியில் ஒரு கொடி படர்ந்து கிடப்பதைத் தங்கையா பார்த்தான். தோண்டினான். சீனிக்கிழங்குக் கொடி. அடியில் அவன் கையால் புதைத்த அதே ஓலைப்பெட்டி மட்கிக் கிடந்தது.

தங்கையாவுக்குத் திக்கென்றது. ‘அட கடவுளே, இது என் மறதியா? இப்போது போய்ச் சொன்னால் என் மானம் என்னாவது? ஆறிப்போன சங்கதி, அப்படியே கிடக்கட்டும்’ என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டான்.

மாசி மாதம் அசனம் வந்தது. ஆண்டவருக்கு நன்றி சொல்லி, காடு முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. ஆளுக்கொரு காணிக்கை கொண்டுவந்து ஒரே பானையில் போடுவார்கள். இரண்டு சட்டம் உண்டு. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைக் கீழே வைத்துவிட்டு, போய்ச் சமாதானம் பேசி ஒப்புரவாகி வரவேண்டும். இன்னொன்று, ஒருவருடைய இலை ஆளில்லாமல் காலியாக இருந்தாலும் மற்றவர்களுக்குப் பரிமாறக் கூடாது.

சமையல் பொறுப்பு ஆமை ராகேலக்காவுக்கு. தங்கையா அந்தக் கொடியில் விளைந்த கிழங்குகளையே தூக்கிக்கொண்டு போனான். அதைவிடப் பெரிய கிழங்கு யாரிடமும் இல்லையே, ஆசை யாரை விட்டது?

“தோத்திரம், அக்கா.”

“தோத்திரம், தங்கையா. யாரோடயும் மனத்தாங்கல் கிடையாதுல்லா?”

“எனக்கா? ஒண்ணும் கிடையாதுக்கா” என்றான். சொல்லும்போது காது இரண்டும் தொங்கிப்போனது. ராகேலக்கா அதைக் கவனிக்கவில்லை. அடுப்பில் அவளுக்குத் தலைக்குமேல் வேலை.

உச்சிவெயில் ஏறியது. எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரே ஓர் இலை மட்டும் காலி.

“அது யாருக்கு?” என்று அணில் கேட்டது.

“ஞானமுத்துக்கு” என்றாள் ராகேலக்கா.

“கள்ளனுக்காக நாம பட்டினி கிடக்கணுமா?”

“கள்ளனோ நல்லவனோ, இலை போட்டாச்சு. ஆள் வரட்டும்” என்று அவள் அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆமை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

தங்கையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காக்கை சீமோனைத் தனியே கூப்பிட்டு, நல்ல கிழங்காக ஒன்றைக் கொடுத்து அக்கரைக்கு அனுப்பினான். சீமோன் கிழங்கோடு திரும்பி வந்தான்.

“என்னவே சொன்னான்?”

“‘கிழங்கு வேண்டாம், என் பேரைத் திருப்பித் தரச் சொல்லு’ன்னு சொல்லுதான்.”

சோறு ஆறிக்கொண்டிருந்தது. மயில்குஞ்சுகள் பசியில் அழத் தொடங்கின. குரங்கு இரண்டுமுறை பானையை எட்டிப் பார்த்து அடி வாங்கியது. ‘இத்தனை பேர் பசிக்கும் நான்தானே காரணம்’ என்று தங்கையாவுக்கு உறைத்தது. ‘ஆண்டவரே, என் காலைக் கொஞ்சம் நகர்த்தும்’ என்று வேண்டிக்கொண்டு எழுந்தான். ஒரே ஓட்டமாய் ஓடையைத் தாண்டினான்.

ஞானமுத்து வாசலில் வேர் கடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் தங்கையா நாலு சாக்கு யோசித்து வைத்திருந்தான். அந்த மெலிந்த முகத்தைக் கண்டதும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“தப்பு என்னுது, ஞானமுத்து. நீர் எடுக்கல. நான்தான் இடத்தை மறந்தேன். கார்த்திகையிலயே கண்டுபிடிச்சும் மூடி மறைச்சேன். மன்னிச்சுக்கிடும்.” சொல்லிமுடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

ஞானமுத்து வேரைக் கீழே வைத்தான். பிறகு, “நான் மன்னிச்சாச்சு. ஆனா என் பேரு கெட்டது இங்க இல்லவே, அங்க” என்றான்.

“அங்கயும் சொல்லுதேன். எழும்பி வாரும்.”

பந்தியின் நடுவில் நின்று தங்கையா ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். “அந்தப் பானையில வெந்து கெடக்குது பாருங்க, அதான் அந்தக் கிழங்கு. ராகேலக்காகிட்டயும் காலையில பொய்தான் சொன்னேன்.”

முதலில் அணில் எழுந்து வந்து ஞானமுத்துவின் காலடியில் நின்றது. “விசாரிக்காம நம்பிட்டேன் அண்ணாச்சி” என்றது. மயில் தன் குஞ்சுகளை அவன் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. ராகேலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி சரி, இலையில தண்ணி தெளிங்க” என்று அகப்பையை எடுத்தாள்.

தங்கையா ஞானமுத்துவை ஒட்டி உட்கார்ந்தான்.

“தள்ளி உக்காரும்வே, முள்ளு குத்தும்.”

“குத்தினா குத்தட்டும். நான் இங்கேதான் இருப்பேன்.”

ஞானமுத்து கிழங்கை ஒரு வாய் கடித்தான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான். “இவ்ளோ ருசின்னு தெரிஞ்சிருந்தா நெசமாவே களவாண்டிருப்பேன்” என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. தங்கையாவும் வயிறு வலிக்கச் சிரித்தான். மாதக்கணக்கில் சரியாய் இறங்காத சோறு அன்றைக்கு அவனுக்கு நன்றாக இறங்கியது.

காணிக்கை எவ்வளவு பெரிதானாலும், சகோதரனிடம் போய் ‘தப்பு என்னுடையது’ என்று உண்மையாய்ச் சொல்லி ஒப்புரவாகிறவனுடைய கையிலிருந்துதான் ஆண்டவர் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்.