இரண்டு டீ

கோத்தகிரியில் மேகம் வீட்டுக்குள் வந்துபோகும் மாதம் அது. மாலை நான்கு மணிக்கே சாலை காணாமல் போயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மிச்சமிருந்தது எதிர்ப்பக்கத்து டீக்கடை விளக்கு மட்டும். அதுவும் ஒரு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது.

சிவசைலம் தன் லேப்டாப்பை ஆசிரியை பக்கம் திருப்பி வைத்தார். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. வங்கி வேலையை விட்டபின் நிரல் எழுதக் கற்றவர். கற்றுக்கொடுத்த பூங்கோதைக்கு முப்பத்தொன்று.

"நானூத்திப் பன்னெண்டு சோதனை, டீச்சர். எல்லாம் பச்சை. ஒண்ணுகூடத் தோக்கலை."

கிரிப்டோ நாணயங்களைத் தானாகவே வாங்கி விற்கும் 'பாட்' என்ற நிரல் ஒன்றை அவர் செய்திருந்தார். நாளைக் காலை அது நிஜச் சந்தையில் இறங்குகிறது. வங்கியை விட்டபோது வந்த பணத்தில் பாதியை அதை நம்பிக் கொடுக்கப் போகிறார். இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று மனைவி மரகதம் சொல்லிவிட்டாள். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது.

"இன்னும் எத்தனை எழுதினா இந்தப் பயம் போகும்?"

பூங்கோதை பச்சை வரிகளை மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனாள். சோதனைகளுக்காக அவரே ஒரு பொம்மைச் சந்தையை எழுதியிருந்தார். புது மாப்பிள்ளைக்கு முன்னால் நிற்கும் மாமனாரைப்போல, அது எல்லாவற்றுக்கும் உடனே தலையாட்டியது.

"ஆர்டர் போட்டு, சந்தைகிட்டயிருந்து பதிலே வரலைன்னா?"

"அதுக்கும் ஒரு விதி வெச்சிருக்கேன். மூணு விநாடி பார்க்கும். பதில் இல்லைன்னா ஆர்டர் போய்ச் சேரலைன்னு அர்த்தம். மறுபடி போடும்." அந்த விதியில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சரி சார். ரெண்டு டீ சொல்லுங்க."

சிவசைலம் ஜன்னலைத் திறந்தார். "போஜன், ரெண்டு டீங்க."

குரல் மேகத்துக்குள் போனது. எதுவும் திரும்பி வரவில்லை.

சற்று நின்று மறுபடி கூப்பிட்டார். "ரெண்டு டீங்க."

எங்கோ ஒரு மாட்டின் மணி மட்டும் கேட்டது. மஞ்சள் கறையும் மறைந்துவிட்டது. அங்கே கடை என்று ஒன்று இருந்ததா என்றே அவருக்குச் சந்தேகம் வந்தது. கைகளை வாயருகே குவித்து மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து மேகத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. அதன் பின்னால் டீக்கடைக்காரர் போஜன் வந்தார். தட்டில் ஆறு கிளாஸ்கள்.

"ரெண்டுதானே சொன்னேன்?"

"மூணு தடவை ரெண்டு சொன்னீங்க. மூணு தடவையும் சரிங்கன்னு கத்தினேனே. காத்து அந்தப் பக்கம் அடிக்குது." போஜன் தட்டை வைத்துவிட்டு வந்த வழியே கரைந்து போனார்.

ஆறு கிளாஸிலும் ஆவி எழுந்து, அறைக்குள் இருந்த மேகத்தோடு சேர்ந்தது. சிவசைலம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பச்சை வரிகளைப் பார்த்தார். மரகதத்தின் முகம் நினைவுக்கு வந்தது. மூன்று விநாடி விதி இருந்த வரியில் விரலை வைத்தார்.

"போஜனுக்குக் கேக்கலைன்னு நினைச்சேன், டீச்சர்."

பூங்கோதை ஒரு கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவருக்குக் கேட்டுச்சு சார். போட்டாச்சான்னு நீங்கதான் கேக்கலை."