ஆறாவது பூ யாருக்கு?

அந்தக் காலத்தில், பூச்சிகள் வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, உலகத்துப் பூக்கள் அத்தனையும் ஒரே வரிசையில் பூத்தன. அந்த வரிசைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது.

பங்கு பிரித்த அன்று வண்ணத்துப்பூச்சி இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டது. கருவண்டு மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது என்று எடுத்துக்கொண்டது. மிச்சமெல்லாம் தேன்சிட்டுக்கு. பிள்ளைகளுக்குப் பொந்து தேடிப் போயிருந்த தேனீக்கு ஒரு பூகூட இல்லை. பிள்ளைகளோ பசியில் சுருண்டு கிடந்தன.

ஆறாவது பூவில்தான் வம்பு வந்தது.

"என் கணக்குல வர்ற பூ இது!" என்றது வண்ணத்துப்பூச்சி.

"என் கணக்குலயும்தான் வருது!" என்று கருவண்டு மல்லுக்கு நின்றது. இரண்டும் இழுத்த இழுப்பில் பூவின் ஓர் இதழ் கிழிந்தது.

தேனீ குறுக்கே வந்தது. "அக்கா, அண்ணே, ரெண்டு பேர் கணக்குலயும் வர்ற பூவை மட்டும் எனக்கு விட்டுடுங்க. உங்க சண்டையும் தீரும், என் பிள்ளைங்களும் பிழைக்கும்."

கருவண்டு ஏளனமாகச் சிரித்தது. "அப்படி எத்தனை தேறிடப் போகுது? நாலோ அஞ்சோ. எடுத்துக்கோ போ."

சூரியன் சாட்சியாக இரண்டும் சத்தியம் செய்துகொடுத்தன. அவசரப் புத்தி, வேறென்ன சொல்ல!

தேனீ ஆறாவது பூவுக்குப் போனது. பிறகு பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு. ஒரு மாதமாகியும் அது நிற்கவில்லை. கருவண்டுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"ஏய், நில்லு! எங்க பங்குலேருந்து கிள்ளிக் குடுத்தது எப்படித் தீராம இருக்கும்?"

"அண்ணே, இப்ப உங்க கையில இருக்கிற முதல் பூ எது?"

"மூணாவது."

"மூணு பூ தள்ளி என்னோட ஆறாவது. உங்க அடுத்தது?"

"ஒன்பது."

"மூணு தள்ளி என்னோட பன்னிரண்டு. உங்க ஒவ்வொரு பூவுக்கும் எனக்கு ஒண்ணு இருக்கு. உங்களுது தீர்ற அன்னிக்கு வாங்க, என்னோடதும் தீர்ந்திருக்கும்."

கருவண்டு பதினைந்து, இருபத்தொன்று என்று முணுமுணுத்தபடி பறந்தது. இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

பிள்ளைகள் வயிறாரக் குடித்தன. தேனீயின் அந்தச் சின்ன உடம்புக்குள் எவ்வளவு பெருமை! யாரும் போட்ட பிச்சையில்லை, தன் புத்தியால் வென்ற சொத்து. ஊரே பார்க்கட்டும் என்று தேனீ மெழுகில் வீடு கட்டியது.

அன்று முதல்தான் தேனீ கட்டும் அறை ஒவ்வொன்றுக்கும் ஆறு சுவர். ஐந்து போதாதா என்று கேட்டுப் பாருங்கள், கொட்டிவிடும்.