ஏழு சேனலா, பதினொரு சேனலா

"ஏழா, பதினொண்ணா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்றார் மாசிலாமணி.

ஜெபசீலி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு ஸ்பீக்கரின் முகத்துணியைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல செருப்பைக் கழத்துங்க அண்ணாச்சி. கீழ கார்ப்பெட்டு."

மாசிலாமணி செருப்பைக் கழற்றினார். அவள் சொன்ன தொனியையும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

அவர் எதையும் மறக்கிறவர் இல்லை. கோவில்பட்டியில் டயர் கடை வைத்திருந்த காலத்தில் தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் யார் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்.

ஜெபசீலி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் அல்ல. பாளையங்கோட்டையில் ஹோம் தியேட்டர் கடை வைத்திருந்தாள். உட்கார்ந்து கேட்டுப் பார்க்க உள்ளே ஓர் அறை உண்டு. வாங்க வருகிறவர்களை அதட்டுவாள். சிலரை வாங்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் டீச்சர் என்று பேர் வந்துவிட்டது. மாசிலாமணிக்கு மகள் வயசுதான். இருந்தாலும் சத்த விஷயத்தில் அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று ஊரே சொல்லியிருந்தது.

"இப்ப என்ன வச்சிருக்கிய?"

"அஞ்சு சேனல் பிராசசர். பழசு. வசனம் தெளிவா இல்ல. மாத்தணும்."

அவ்வளவுதான் சொன்னார். மீதியைச் சொல்லவில்லை.

பிராசசர் என்பது படத்தின் சத்தத்தைச் சேனல் சேனலாகப் பிரித்து, சேனலுக்கு ஒரு ஸ்பீக்கராகக் கொடுக்கிற பெட்டி. பேச்சை முன்னால் இருக்கிற நடு ஸ்பீக்கருக்கும், மழை, காற்று, கூட்டத்தைப் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கும் அனுப்பும். அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த புதிதில் அவர் மனைவி செண்பகவல்லி ஒரு படம் விடாமல் அவரோடு பார்த்தாள். பிறகு பாதியில் எழுந்து போக ஆரம்பித்தாள். கேட்டால் "பேசுறது ஒண்ணும் விளங்கல" என்பாள். இப்போது அடுப்படியில் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துப் படம் பார்க்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள்.

அவளாகத்தானே எழுந்து போனாள், அவளாக வரட்டும் என்று அவர் கூப்பிடவில்லை.

அவள் வரவில்லை.

குற்றம் பெட்டியில்தான் என்று முடிவு கட்டினார். நல்ல பெட்டி வந்தால் வசனம் விளங்கும். வசனம் விளங்கினால் செண்பகவல்லி ஹாலுக்கு வருவாள்.

"தூத்துக்குடியில என் சகலை பதினொண்ணு வச்சிருக்கான்" என்றார். "என் பெட்டியைப் பாத்து, என்ன இது ரேடியோவான்னு கேட்டான்."

"எப்ப?"

"அவன் மகன் கல்யாணத்துக்கு முன்ன."

"கல்யாணத்துக்குப் போனியளா?"

"போவேனா?"

ஜெபசீலி சிரித்தாள். "சரி, உள்ள வாங்க. ரெண்டையும் போட்டுக் காட்டுதேன்."

உள்ளே இருட்டாக, குளுகுளுவென்று இருந்தது. நாற்காலிகள் கிடந்தன. மாசிலாமணி யாரையும் கேட்காமல் நட்டநடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

படத்தில் ஆற்று நடுவே ஒரு தோணி. மழை கொட்டுகிறது. தோணிக்காரன் தன் தம்பியிடம் ஏதோ ரகசியம் சொல்கிறான்.

ஏழு சேனலில் மழை அவரைச் சுற்றிப் பெய்தது. பேச்சு எதிரே நின்று சொன்னது போல் கணீரென்று வந்தது.

பதினொரு சேனலில் மழை தலைக்கு மேலிருந்து இறங்கியது. மாசிலாமணி தன்னை அறியாமல் வழுக்கையைத் தடவிப் பார்த்தார்.

"ஆகா! ஆனா பேச்சு ஏழுலதான் இன்னும் அழுத்தமா வருது. இல்ல, இருங்க. பதினொண்ணுல காத்து பின்னால இருந்து வருது பாருங்க. எதை விடுறது? இன்னொரு தடவை போடுங்க."

போட்டாள். பிறகும் போடச் சொன்னார், போட்டாள்.

"அறையை அளக்குற வசதி எதுல நல்லாயிருக்கும்?"

"ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்கும். உங்க பழைய பெட்டியிலயும் இருக்குமே. உக்காருற இடத்துல மைக்கை வச்சா, அங்க வசனம் தெளிவா விழுற மாதிரி பெட்டி தானாச் சரிபண்ணிக்கிடும். அளந்தியளா?"

"அளக்காம இருப்பேனா? நானே அளந்தேன்."

"மைக்கை எங்க வச்சிய?"

"என் சோபாவுல. சரியா என் காது உயரத்துல."

"அடுத்து?"

"அடுத்தும் அங்கதான். இடத்தை மாத்தி வையி, மாத்தி வையின்னு டிவியில எழுத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் எதுக்கு மாத்தணும்? நான் உக்காருறது அங்கதானே?"

ஜெபசீலி ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"சரவுண்டுன்னா என்ன அண்ணாச்சி?"

"சுத்தி. நம்மளைச் சுத்தி."

"உங்களைச் சுத்தி யாரு இருக்கா?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. இதையும் முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

"வீட்டுக்காரி இருந்தா" என்றார். "இருக்கா."

"எங்க உக்காருவாவ?"

"தரையிலதான். அடுப்படி வாசலை ஒட்டிச் செவத்துல சாஞ்சுக்கிடுவா. கீரை ஆயுவா, பூண்டு உரிப்பா. சோபாவுல ஏறி உக்காந்தா கைவேலை ஓடாதுன்னு சொல்லுவா."

"தலைக்கு மேல என்ன இருக்கு?"

"செவரு."

"செவத்துல?"

அவர் அந்த அறையின் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்து ஸ்பீக்கரு" என்றார்.

ஜெபசீலி அறையின் இடது சுவரைக் கைகாட்டினாள். அங்கே மேலே ஒரு ஸ்பீக்கர், கீழே வெறும் தரை.

"அங்க போய் உக்காருங்க."

"தரையிலயா? எனக்கு மூட்டு வலி டீச்சர்."

"அவங்களுக்கு?"

முழங்காலைத் தடவிக்கொண்டே, "இருக்கு" என்றார்.

சுவரைப் பிடித்து, ஒரு காலை நீட்டி, முனகிக்கொண்டே உட்கார்ந்தார். ஜெபசீலி ஏழு சேனலைப் போட்டாள்.

மழை உச்சந்தலையில் அடித்தது. தகரத்தில் கல்லைக் கொட்டுகிற மாதிரி. தோணிக்காரன் வாயசைத்தான். என்ன சொன்னான்?

பதினொன்றுக்கு மாற்றினாள். இப்போது ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. தோணிக்காரன் அப்போதும் வாயைத்தான் அசைத்தான்.

"பேச்சே வரல டீச்சர்."

"கூட்டட்டா?"

கூட்டினாள். மழை கூடியது.

"போதும்! நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!"

நிறுத்தினாள். அறை கம்மென்று ஆனது.

"இப்ப சொல்லுங்க அண்ணாச்சி. ஏழா, பதினொண்ணா?"

மாசிலாமணி தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு படம் முழுக்க இப்படி உக்காந்து பாத்திருக்கா" என்றார்.

"ஒரு படந்தானா?"

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜெபசீலி கை கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப நான் எதைத்தான் வாங்க?"

"கேக்க வேண்டிய ஆளு நான் இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் தூசி தட்டப் போய்விட்டாள்.

கோவில்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அந்த வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கேட்க வேண்டிய ஆள் என்றால், சத்தத்தைக் கேட்க வேண்டிய ஆளா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டிய ஆளா? கயத்தாறு தாண்டியும் அது பிடிபடவில்லை.

வீட்டில் செண்பகவல்லி அடுப்படியில் இருந்தாள். மடியில் சுளகு, சுளகில் முருங்கைக்கீரை, டப்பா மேல் போன்.

"பெட்டி எங்க?"

"வாங்கல."

"கடைக்காரி விரட்டிட்டாளா?"

மாசிலாமணி நிலைப்படியில் நின்றார். இந்த வீட்டில் அவர் கேட்டுப் பழக்கமில்லை.

"ஏட்டி, படம் போடட்டா?"

"போடுங்க. யாரு தடுத்தா?"

"நீயும் வா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காய்ச்சல் வந்தவரைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"எனக்குக் கீரை கிடக்கு."

அவர் குனிந்து சுளகைத் தூக்கினார். ஹாலுக்குக் கொண்டுபோய்ச் சோபாவில் தன் இடத்துக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, அதன்மேல் வைத்தார். பாதிக் கீரை வழியிலேயே சிந்தியது.

"இங்கன இருந்து ஆயி."

"அது உங்க இடம்லா?"

"உக்காரு."

"நீங்க?"

அவர் சுவரோரம் போனார். ஸ்பீக்கருக்கு நேர் கீழே, கால் நீட்டி, மெதுவாக இறங்கி உட்கார்ந்தார்.

"ஐயோ, மூட்டு என்னத்துக்கு ஆகும்?"

"படத்தைப் பாரு."

செண்பகவல்லி சோபாவின் நுனியில், விருந்து வீட்டுக்கு வந்தவள் போல் உட்கார்ந்தாள். அதே பழைய அஞ்சு சேனல் பெட்டி. படத்தில் ஒரு சந்தை. மாட்டு மணியும் வண்டிச் சத்தமும் கூவலும் மாசிலாமணியின் மண்டையில் இறங்கின.

அவர் படத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

அவள் விரல்கள் கீரையை உருவிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்தது. பிறகு நின்றது. நுனியில் இருந்தவள் பின்னால் நகர்ந்து நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

படத்தில் மாட்டுத் தரகன் ஏதோ சொன்னான். செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னட்டி சொன்னான்?"

"உஷ்" என்றாள் செண்பகவல்லி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "விளங்கலேன்னா இங்கன வந்து பக்கத்துல உக்காருங்க. நடுவுல பேசாதிய."