ஆகா என்று கைதட்டியதால் நின்ற தேர்

முன்னொரு காலத்தில் பூந்துறை நாட்டை மாறவேள் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் இட்ட ஆணையை மாலையில் மாற்றிவிடுவார். அவருடைய அவைப்புலவர் தண்டலைக் கவிராயர். புலமை பெரிது, பொறாமை அதைவிடப் பெரிது.

ஒருநாள் கவிராயர், ஆறு மாதம் உழைத்து எழுதிய நூலை அவையில் படித்துக்கொண்டிருந்தார். நடுவில் தலை நிமிர்ந்தார். மன்னரின் கால் பெருவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. உதடுகளோ, "ஏலேலோ ஐலசா" என்று முணுமுணுத்தன. தேர் இழுப்பவர்களை நடத்தும் சுடலையாண்டியின் பாட்டு அது! கவிராயருக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போனால் அங்கே அவர் மனைவியும் அதே பாட்டைப் பாடியபடி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

மறுநாள் அவையில் அவர் எழுந்தார்.

"மன்னா, ஒரு நாட்டின் பண்பாடு ஏட்டில்தான் வாழ்கிறது. எழுத்தறியாத ஒருவன் தெருவில் கத்துவதைக் கேட்டால் வெளிநாட்டார் நம்மை மதிப்பார்களா?"

"என்ன செய்யலாம், கவிராயரே?"

"சுடலையாண்டியை நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்! தேர்த்திருநாள் முடிந்ததும் அவன் குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும். அதுவரை வாய் திறக்கவும் கூடாது!"

எதிர்த்துப் பேசினால் மன்னரின் பிடிவாதம் வளரும் என்பது அமைச்சர் தேவநாதருக்குத் தெரியும். அவர் பணிவாகச் சொன்னார்: "அருமையான ஆணை. ஆனால் வடம் இழுக்கப் பாட்டு வேண்டுமே? அந்தப் பெருமையையும் கவிராயருக்கே அளித்துவிடலாம். வழக்கப்படி, பொழுது சாய்வதற்குள் தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தால் சுடலையாண்டி போகட்டும். வராவிட்டால் ஆணையை மறுபடி யோசிக்கலாம்."

கவிராயர் சிரித்தார். "என் பாட்டுக்குக் கல்லும் உருகும். தேர் உருளாதா?"

திருநாள் வந்தது. நானூறு பேர் வடம் பிடித்தனர். கவிராயர் தேர்த்தட்டில் நின்று, விடியலில் ஆற்று நீர் நிறம் மாறுவதைப் பாடினார். உண்மையிலேயே அழகான பாட்டு. முடிந்ததும் நானூறு பேரும் "ஆகா!" என்று வடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினர்.

"இழுங்களப்பா!"

"இழுக்கிறோங்க. எந்த இடத்துல இழுக்கணும்?"

அடுத்த பாட்டில் வலப்பக்கத்தார் நடுவிலும் இடப்பக்கத்தார் முடிவிலும் இழுத்தனர். தேர் முனகிக்கொண்டு கோணியது. குழந்தை ஆசாரி என்ற தச்சர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகியிராவிட்டால் ஒரு வீட்டுச் சுவர் போயிருக்கும். மூன்றாம் பாட்டில் முன்வரிசையார் கண்ணீர் துடைக்க வடத்தை விட்டனர். உச்சிவேளை ஆகிவிட்டது.

"தேவநாதரே, என்ன இது?" என்று மன்னர் பதறினார்.

"இது கேட்பதற்கான பாட்டு, மன்னா. கேட்கிறார்கள்."

"சூழ்ச்சி!" என்று கத்தினார் கவிராயர். "சுடலையாண்டி கண் காட்டியிருக்கிறான்!"

மன்னர் சுடலையாண்டியை அழைத்தார். "தேர் ஏன் நகரவில்லை? சொல்!"

சுடலையாண்டி தன் வாயைச் சுட்டிக்காட்டிக் கைகூப்பினான்.

"அட, பேசு! அந்த ஆணை நீங்கியது!"

"ஐயா பாட்டு தேனாட்டம் இருக்கு, சாமி. ஆனா நானூறு பேரும் ஒண்ணா மூச்சு பிடிக்க அதுல இடமில்லீங்க. நான் ஒரு வரி சொல்லுவேன். இவங்க 'ஐலசா'ங்கும்போதுதான் கை இழுக்கும். ஆசாரி கட்டையை எடுக்கிறதும் போடுறதும் அந்தச் சத்தத்தை வச்சுத்தான்."

"அப்படியானால் பாடு!"

சுடலையாண்டி பாடினான். தேர் அசைந்தது, உருண்டது. அப்போது தேவநாதர் மெல்லச் சொன்னார்: "மன்னா, தேரைச் செய்தது உளி. நகர்த்துவது இந்தப் பாட்டு. தேரில் வருபவரின் பெருமையைச் சொல்வது கவிராயரின் ஏடு. இவற்றில் ஒன்றை நாடு கடத்தினால், நாடே நடுத்தெருவில் நிற்கும்."

மன்னர் தம் பட்டுச் சால்வையைச் சுடலையாண்டிக்குப் போர்த்தினார். "நீ எங்கும் போக வேண்டாம். கவிராயரே, இறங்கி வடம் பிடியும்!"

முதல் வீதி முழுவதும் கவிராயர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். இரண்டாம் வீதியில் மூச்சு முட்டியது. மூன்றாம் வீதியில் தம்மையறியாமல் "ஐலசா" என்றார். நான்காம் வீதியில் பொறாமை பொறுக்காமல் குரல் கொடுத்தார்.

"சுடலையாண்டி, மூன்றாம் வரியில் சொல் மங்கலாக இருக்கிறது. நான் ஒரு நல்ல சொல் தரட்டுமா?"

"தாங்க சாமி. ஆனா வடத்தை விட்டுடாம தாங்க!"

கவிராயர் தந்த சொல்லை நானூறு வாய்கள் ஒன்றாக முழங்கின. தேர் நிலைக்கு வந்தபோது, கதிரவன் மறைய இன்னும் ஒரு பனைமர உயரம் இருந்தது.