புதரில் குடியிருப்போர்

அன்று புதருக்கு முன்னால் நின்றவர்கள்: குரு, அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவளான தனக்கோடி, மடத்தில் சமைக்கும் பொன்னுரங்கம், மலையடிக் குடியிருப்பிலிருந்து வந்த சடையன், அவன் தம்பி கூத்தன், அவர்களுடைய மாமன் ராயப்பன். ஆறு பேர். பொன்னுரங்கம் கந்தல் சுற்றி எண்ணெயில் நனைத்து எடுத்து வந்திருந்த பந்தங்களும் ஆறு.

குருவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தனக்கோடி ஐம்பதைத் தாண்டியவள். மகன் இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்தாள். ஒரே மகன். மாரப்பன் என்று பெயர். ஐப்பசியில் ஒரு மாலை விறகு பொறுக்க இந்தப் புதருக்குள் போனான். காலில் ஒரு கீறலோடு வீடு திரும்பினான். விடிவதற்குள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனான். பாம்புக்கடி என்றார்கள். எந்தப் பாம்பு என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது பங்குனி. புதர் காய்ந்திருந்தது.

"கொளுத்திடலாமா சாமி?" என்றாள் தனக்கோடி.

"கொளுத்தலாம்" என்றார் குரு. "உள்ளே யார் யார் குடியிருக்காங்க?"

"யாரு இருப்பாங்க? பாம்புங்கதான்."

"வீட்டைக் காலி பண்ணச் சொல்றதுன்னாக்கூட பேர் தெரியணும்மா. பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் பத்த வைப்போம்."

பொன்னுரங்கம் பந்தங்களைச் சேர்த்துக் கட்டினான். "எண்ணெய் போச்சு" என்று முணுமுணுத்தான்.

தனக்கோடி குடியிருப்புக்குப் போய் வீடு வீடாகக் கேட்டாள். சில நாள் கழித்துக் குருவிடம் வந்தாள்.

"பச்சைப்பாம்பு இருக்கு சாமி, கண்ணைக் கொத்தும். கொம்பேறி மூக்கன் இருக்கு. கடிச்சிட்டு, பொணம் எரியற வரைக்கும் மரத்துமேல இருந்து பார்க்கும். மண்ணுளி நக்கினா குஷ்டம். அப்புறம் சாரை. அது நல்ல பாம்புக்குப் புருஷனாம். ராயப்பன் மாமா சொன்னாரு."

"கல்யாணத்துல தாலி எடுத்துக் கொடுத்ததே அவருதானாம்" என்றான் பொன்னுரங்கம்.

குரு சிரிக்கவில்லை. "ஊர்ல இருக்கறவங்களைப் பத்திச் சொல்லிட்டீங்க. நான் புதர்ல இருக்கறவங்களைக் கேட்டேன்."

மறுநாள் முதல் அவள் புதர் ஓரத்து வேலமரத்தடியில் உட்கார்ந்தாள். ஆடு மேய்க்க வரும் சடையன் அவளுக்குத் துணை.

பச்சைப்பாம்பு அவள் கண்ணுக்கு நேரே ஒரு கிளையில் அரைக் காலைப்பொழுது கிடந்தது. கொத்தவில்லை. அவள்தான் இமைத்துக்கொண்டிருந்தாள்.

கொம்பேறி மூக்கன் ஓணானைத் துரத்திக்கொண்டு மரம் ஏறியது. அந்த நேரம் சுடுகாட்டுப் பக்கம் புகை எழுந்தது. அது திரும்பிப் பார்க்கவில்லை.

பாம்புகள் கழற்றிப் போட்ட சட்டைகளைக் கிழியாமல் எடுத்து வந்து மடத்துக் கொடியில் தொங்கவிட்டாள். இது எதனுடையது என்று சடையனைக் கேட்டுக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள்.

"என் வேட்டி காயப்போட இடமில்லை. பாம்புங்க துணியா காயுது" என்றான் பொன்னுரங்கம்.

ஆவணியில் முதல் மழை பெய்தது. மறுநாள் சடையன் ஓர் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு புதருக்குள்ளிருந்து வந்தான். அதன் முன்னங்கால் பானைபோல் வீங்கி, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"கண்ணாடி விரியன்க்கா. கண்ணாலே பார்த்தேன்."

தனக்கோடி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது கடிச்சாலும் இப்படி வீங்குமா, சடையா?"

"நல்லது கடிச்சாலும் வீங்கும். சுருட்டை கடிச்சாலும் வீங்கும். கட்டுவிரியன்தான் வீங்காது. கடிச்ச இடமே தெரியாது. வயித்து வலின்னு எழுந்திருப்பாங்க. அப்புறம் இமையைத் தூக்க முடியாது."

"அது இந்தப் புதர்ல எங்க இருக்கு?"

"இங்க நான் பார்த்ததில்லைக்கா. அது ராத்திரியில எலி தேடி வீட்டுக்குள்ள வரும். தரையில பாய் போட்டுப் படுக்கறோம் பாரு, அங்க."

அவள் எழுந்து போனாள். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தாள். மாலையில் மடத்துக்குத் திரும்பியபோது முந்தானையில் ஏதோ முடிந்திருந்தது.

கொடியில் இருந்த சட்டைகளை எடுத்துக் குருவின் முன் வரிசையாக வைத்தாள். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், சாரை, பச்சைப்பாம்பு, கொம்பேறி மூக்கன், மண்ணுளி, ஓலைப்பாம்பு.

"புதர்ல எட்டு பேர் சாமி. கடிச்சாச் சாகடிக்கறது மூணு. மத்த அஞ்சும் ஒண்ணும் செய்யாது."

"இன்னொண்ணு வச்சிருக்கீங்க."

முந்தானையை அவிழ்த்தாள். ஒன்பதாவது சட்டை.

"முதுகு நடுவுல ஒரு வரிசைச் செதில் பெரிசு, ஆறு மூலை. வர்ற வழியில சடையன்கிட்ட காட்டினேன். கட்டுவிரியன்னு சொன்னான்."

"எங்கே கிடைச்சது?"

"என் வீட்டு நெல்லுக் குதிருக்குப் பின்னால. நாங்க பாய் விரிக்கற சுவரோரம்."

குரு குனிந்து அந்தச் சட்டையைப் பார்த்தார்.

"அவன் கால் வீங்கவே இல்லை சாமி. அந்தக் கீறல் முள்ளு கீறினது. வயிறு வலிக்குதும்மான்னு எழுப்பினான். நான் கஷாயம் வச்சிக்கிட்டு இருந்தேன்."

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கம் பந்தங்களைக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்தான். காய்ந்துபோனவற்றை மறுபடி எண்ணெயில் நனைத்திருந்தான்.

தனக்கோடி அவற்றைப் பார்த்தாள். "எதைச் சாமி கொளுத்தறது? என் வீட்டையா?"

குரு எழுந்து ஒரு பந்தத்தை எடுத்தார். அடுப்படிக்குப் போய்ப் பற்றவைத்துக்கொண்டு வந்தார்.

"குடியிருப்புல தரையில படுக்கறவங்க எத்தனை வீடு?"

"பத்தொன்பது வீட்டுல கட்டில் இருக்கறது ரெண்டு. மத்த பதினேழும் தரைதான்."

"எல்லாரும் பாய் விரிக்கறதுக்கு முன்னால போய்ச் சொல்லணும். வழி இருட்டா இருக்கும்."

பந்தத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தச் சட்டையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, புதரைச் சுற்றிப் போகும் பாதையில் குடியிருப்பை நோக்கி இறங்கினாள்.

சுவரோரம் மீதி இருந்த பந்தங்கள் ஐந்து.